மூன்று முட்டுகளும் ஒரு மனைவியும்: ஜப்பான் அரியணையின் ஆண்வழி விதி குறித்து

ஜப்பானின் இன்றைய அரச குடும்பச் சட்டம் 1947இல் நடைமுறைக்கு வந்தது. அரச வம்சத்தில் ஆண்வழியாகப் பிறந்த ஆண்மகனே அரியணை ஏறலாம் என்பது அதன் முதல் விதி. அந்த விதியில் பெண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களே. இந்தப் பாரத்தைப் பழைய மரபின் விளைவு என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. பழைய ஆண்வழி முறை மனைவி ஒருத்தியின் வயிற்றை மட்டும் நம்பி நிற்கவில்லை. துணைமனைவியர், கிளைக் குடும்பங்கள், சுவீகாரம் என மூன்று முட்டுகள் அதற்கு இருந்தன. நவீன அரசு மூன்றையும் எடுத்துவிட்டு, விதியை மட்டும் வைத்துக்கொண்டது. இன்று அரச மகளிர் படும் பாடு அந்த அரைகுறைச் சீர்திருத்தத்தில் விளைந்தது.

முதல் முட்டு எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு மெய்ஜி பேரரசரின் குடும்பமே சான்று. பேரரசி ஷோகெனுக்குக் குழந்தை இல்லை. துணைமனைவியர் ஐவர் வழியாகப் பேரரசருக்குப் பதினைந்து குழந்தைகள் பிறந்தன. பிழைத்து வளர்ந்தவர்கள் ஐவர் மட்டுமே: நான்கு பெண்கள், ஒரே ஆண். 1879இல் யனாகிவாரா நருகோ பெற்ற அந்த மகன் யோஷிஹிட்டோதான் பின்னாளில் தாய்ஷோ பேரரசர். அவரைச் சட்டப்படி பேரரசியின் மகனாக ஆக்கிக்கொண்டார்கள். மெய்ஜியும் துணைமனைவியின் மகன்தான். அவருடைய தந்தை கோமெய்யும் அப்படியே. தலைமுறை தலைமுறையாகப் பட்டத்தரசிக்குப் பிள்ளை இல்லாமை அரியணையை அசைக்கவில்லை. அந்த ஏற்பாட்டைப் புகழ இடமில்லை. பெற்ற மகனைத் தன் மகன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இல்லாமல், பிறந்த குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்து வாழ்ந்த பெண்களின் மேல் எழுப்பிய ஏற்பாடு அது. ஆனால் ஆண்வழி அறுபடாமல் வந்ததற்கு அவர்களே காரணம். மரபின் பெருமையைப் பேசுவோர் இந்தப் பெண்களின் பெயரைச் சொல்வதே இல்லை.

பெண் ஆளக்கூடாது என்ற தடையும் அத்தனை பழையதன்று. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த சுய்கோ தொடங்கி, 1762 முதல் 1771 வரை ஆண்ட கோ-சகுராமச்சி வரை எட்டுப் பெண்கள் பத்து முறை அரியணையில் இருந்திருக்கிறார்கள். 715இல் கென்மெய் பட்டத்தைத் துறந்து மகள் கென்ஷோவிடம் கொடுத்தார். இவர்கள் அனைவரும் தந்தைவழியில் அரச வம்சத்தினர் என்றும், இடைக்கால ஏற்பாடாகவே ஆண்டனர் என்றும் மறுதரப்பு சொல்கிறது. தந்தைவழி பற்றிய கூற்று சரியே. ஆனால் அந்த ஆட்சிகள் நடந்தன என்பதை அது இல்லையென்று ஆக்கிவிடாது. பெண்ணை முற்றாக விலக்கும் எழுத்துச் சட்டம் முதன்முதலாக வந்தது 1889இல்தான். அதற்கு முந்தைய வரைவொன்று பெண்வழி உரிமைக்கும் இடம் வைத்திருந்தது. சட்ட வரைவில் பங்கெடுத்த இனோவே கொவாஷி அதைக் கடுமையாக எதிர்த்தார். ஷிமாதா சபுரோ 1882இல் ஒரு பொது விவாதத்தில் முன்வைத்திருந்த வாதத்தை அவர் துணைக்கு அழைத்தார். ஆளும் பெண்ணுக்குக் கணவன் இருந்தால், பேரரசருக்கும் மேலே ஒருவர் இருப்பதாகக் குடிமக்கள் எண்ணுவார்கள். ஆணை உயர்வாகவும் பெண்ணைத் தாழ்வாகவும் கருதுவது நம் நாட்டு வழக்கம் என்பதே அதன் சாரம். தடையின் வேர் இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. சூரியதேவி அமதெராசுவைக் குலமுதல்வியாகக் கொண்ட வம்சம், மனைவி கணவனுக்கு அடங்கியவள் என்ற கருத்தை அரசியல் சட்டமாக எழுதிக்கொண்டது.

அதே 1889 சட்டம் சுவீகாரத்தையும் தடை செய்தது. 1779இல் அரியணை ஏறிய கோகாகு, கான்-இன் என்ற கிளைக் குடும்பத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவர். அவர் வழியில் வந்தவர்கள்தான் மெய்ஜியும் அவருக்குப் பின்வந்த அனைவரும். அத்தகைய வழி மூடப்பட்டது. துணைமனைவியின் மகனுக்கு மட்டும், முறைப்படி பிறந்த மகன் இல்லாத நிலையில், உரிமை தொடர்ந்தது.

சட்டம் அனுமதித்த அந்த வழியை, பின்னாளில் தாய்ஷோவின் மகன் ஹிரோஹிட்டோ விரும்பவில்லை. அவருக்கும் நகாகோவுக்கும் 1924இல் திருமணம் நடந்தது. 1925, 1927, 1929, 1931 என நான்கு முறையும் பெண் குழந்தை. இரண்டாவது குழந்தை சச்சிகோ 1928இல் ஆறு மாதக் கைக்குழந்தையாக இறந்துபோனது. துணைமனைவி வைத்துக்கொள்ளுமாறு அரண்மனை வட்டாரத்து மூத்தவர்கள் யோசனை சொன்னார்கள், ஹிரோஹிட்டோ மறுத்தார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குச் சிசிபு, தகமத்சு, மிகாசா என மூன்று தம்பிகள் இருந்தார்கள். வாரிசுக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் நகாகோ மீது அந்த நெருக்கடி வந்தது. அரியணை காலியாகிவிடும் என்ற அச்சம் மட்டுமே இதற்குக் காரணம் என்றால் அந்த ஆண்டுகளின் பதற்றத்தை விளக்க முடியாது. மகனைப் பெறாத மனைவி தன் கடமையை முடிக்காதவள் என்ற எண்ணம் தனியாகவே வேலை செய்தது. 1933 டிசம்பர் 23 காலை தோக்கியோவில் சங்கு ஊதியது. பெண் என்றால் ஒருமுறை, ஆண் என்றால் இருமுறை என்று முன்பே அறிவித்திருந்தார்கள். முதல் ஒலி அடங்கியதும் நகரம் காது கொடுத்து நின்றது. இரண்டாவது ஒலி கேட்டபின் கொண்டாட்டம் தொடங்கியது. அகிஹிட்டோ பிறந்திருந்தார். முன்பு பிறந்த மகள்களின் மதிப்பு என்ன என்பதை அந்தச் சங்கின் கணக்கே சொல்லிவிடுகிறது.

போருக்குப் பின் எஞ்சிய முட்டுகளும் போயின. 1947 சட்டம், முறையான திருமணத்தில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வம்ச உரிமை என்று வரையறுத்தது. சுவீகாரத் தடை நீடித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பதினொரு கிளைக் குடும்பங்களைச் சேர்ந்த 51 பேர் அரச தகுதியை இழந்து சாதாரணக் குடிமக்கள் ஆனார்கள். துணைமனைவி முறை ஒழிந்தது நல்லதே. அதில் எனக்கு ஐயம் இல்லை. புதிய அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு ஆண் பெண் சமத்துவத்தை உறுதி செய்தது. அரியணை வாரிசு முறையில் வரும் என்று மட்டும் அதன் 2ஆம் பிரிவு கூறியது. பாலினம் பற்றி அது வாய் திறக்கவில்லை. ஆகவே பெண்ணுக்கு உரிமை தருவதற்குத் தடையாக இருந்தது அரசியலமைப்பு அன்று, சாதாரணச் சட்டம் ஒன்றுதான். ஒருதார மணத்தை ஏற்றவர்கள் அதோடு சேர்த்து மகளின் உரிமையையும் ஏற்றிருக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டதால், ஐந்து பெண்களிடையே பரவிக் கிடந்த பாரம் ஒருத்தியின் மீது இறங்கியது.

அந்த ஒருத்தியாக, அகிஹிட்டோவின் மூத்த மகன் நருஹிட்டோவை மணந்து, மசாகோ 1993இல் வந்தார். ஹார்வர்டில் பொருளியல் படித்து, 1987இல் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்த தூதரக அதிகாரி அவர். திருமணமான நாள் முதல் நாடே அவருடைய வயிற்றைப் பார்த்தது. 1999 டிசம்பரில் கருவுற்ற செய்தியை அரண்மனை அறிவிப்பதற்கு முன்பே ஒரு நாளிதழ் வெளியிட்டது. அம்மாத இறுதியில் கரு கலைந்தது. 2001 டிசம்பர் 1 அன்று மகள் ஐகோ பிறந்தார். 2003 டிசம்பரில் மசாகோ அக்கி நோயால் மருத்துவமனையில் சேர்ந்து, பொதுப் பணிகளிலிருந்து ஒதுங்கினார். அதே மாதம் அரண்மனை நிர்வாக முகமையின் தலைவர், நருஹிட்டோவின் தம்பி இளவரசர் அகிஷினோ தம்பதியர் மூன்றாவது குழந்தை பெற வேண்டும் என்று தாம் பெரிதும் விரும்புவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். அரசு அதிகாரி ஒருவர் அடுத்தவர் மனைவி பிள்ளை பெறுவது பற்றிப் பொதுவெளியில் பேசியதைக் கண்டிக்க வேண்டும் என்று அங்கே பெரிதாக எவருக்கும் தோன்றவில்லை. 2004 மே மாதம் பட்டத்து இளவரசர் நருஹிட்டோ, மசாகோவின் தொழில் வாழ்வையும் ஆளுமையையும் மறுக்கும் போக்கு இருந்தது என்றும், வெளிநாடு செல்ல அவருக்கு எளிதில் அனுமதி கிடைக்கவில்லை என்றும் கூறினார். அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு வெளிப்படையான பேச்சு அதுவரை கேட்டதில்லை. சூழலுக்குப் பொருந்திப்போக இயலாமையால் வரும் மனநலக் கோளாறு என்று ஜூலையில் அறிவிப்பு வந்தது. நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் சூழலை மாற்றவில்லை.

மாற்றும் வாய்ப்பு ஒருமுறை வாசல்வரை வந்தது. பிரதமர் கொய்சுமி அமைத்த ஆலோசனைக் குழு, தோக்கியோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் யோஷிகாவா தலைமையில், 2005 நவம்பரில் அறிக்கை தந்தது. பெண்ணும் பெண்வழி வாரிசும் அரியணை ஏறலாம், ஆணோ பெண்ணோ முதல் குழந்தைக்கே முன்னுரிமை என்பது அதன் பரிந்துரை. எதிர்ப்பு கிளம்பியது. இளவரசர் தொமொஹிட்டோ, தமக்கு இரண்டு மகள்கள் மட்டுமே இருந்தும், துணைமனைவி முறையையே ஒரு வழியாக எழுத்தில் குறிப்பிட்டார். ஆண்வழி விதிக்குள் ஒளிந்திருந்த துணைமனைவி முறையை அவ்விதியின் ஆதரவாளர் ஒருவரே அப்படி வெளியே கொண்டுவந்தார். ஆதிப் பேரரசர் ஜிம்முவின் ஒய் குரோமோசோம் ஆண்வழியாக மட்டுமே தொடர்கிறது என்று வேறு சிலர் அறிவியலைக் கூட்டிவந்தார்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணு தீர்மானிக்கிறது என்பதை மரபியலாளர் நெட்டி ஸ்டீவன்ஸ் 1905இலேயே காட்டியதும் அதே அறிவியல்தான். வம்சத்துக்குப் பெருமை சேர்க்க ஒய் குரோமோசோமை அழைத்தவர்கள், தாய்மாரைப் பழியிலிருந்து விடுவிக்க அதை ஒருமுறையும் அழைக்கவில்லை.

2006 பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்ற வரவுசெலவுக் குழு கூடியிருந்தபோது கொய்சுமியிடம் ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அகிஷினோவின் மனைவி கிகோ கருவுற்றிருக்கிறார். சட்ட மசோதா அங்கேயே நின்றுபோனது. குழந்தை எந்தப் பால் என்று தெரியும் முன்பே ஒரு நாட்டின் சட்டமியற்றல் ஒரு பெண்ணின் கருப்பைக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்ததால் செப்டம்பர் 6 அன்று, நாற்பது வயதாக ஐந்து நாள் இருக்கையில், கிகோவுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் ஹிசாஹிட்டோ பிறந்தார். 1965இல் அகிஷினோ பிறந்ததற்குப் பின் அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் ஆண் குழந்தை அவர். ஆண்குழந்தை பிறந்ததும் சிக்கல் தீர்ந்ததாகப் பலர் பெருமூச்சு விட்டார்கள். தீரவில்லை; ஒரு தலைமுறை தள்ளிப்போனது.

2019 மே 1 அன்று அரியணைச் சின்னங்களான வாளும் மணியும் நருஹிட்டோவிடம் வந்துசேர்ந்த சடங்கில் அரச குடும்பத்திலிருந்து வயதுவந்த ஆண்கள் மட்டுமே நின்றார்கள். பேரரசியாகிவிட்ட மசாகோ அந்த மண்டபத்தில் இல்லை. அமைச்சர் என்ற முறையில் கதயாமா சத்சுகி என்ற பெண் இருந்தார். தேர்தலில் வென்ற பெண் பார்க்கலாம், மனைவி பார்க்கக்கூடாது என்பதற்கு எந்தத் தொன்மமும் நியாயம் சொல்லாது.

2021 டிசம்பரில் இன்னொரு நிபுணர் குழு அறிக்கை தந்தது. மணமானபின்பும் அரச மகளிர் தகுதியோடு இருக்கலாம் என்பது ஒரு யோசனை. பழைய கிளைக் குடும்பங்களின் ஆண்வழி ஆண்களைச் சுவீகாரம் எடுக்கலாம் என்பது மற்றொன்று. சுவீகார யோசனையை முட்டுகளில் ஒன்று திரும்பி வருவதாகக் கொள்ளலாம். ஆனால் அதன் நுட்பத்தைப் பார்க்க வேண்டும். சுவீகாரம் வருபவருக்கு அரியணை உரிமை இல்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே அவரால் வம்சம் தொடர வேண்டுமானால், அரச குடும்பத்துக்குள் வந்தபின் அவர் மனைவி ஒரு மகனைப் பெற்றாக வேண்டும். மசாகோவும் கிகோவும் நின்ற இடத்தில் நிற்க மேலும் சில பெண்களைத் தேடும் ஏற்பாடு இது. மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று மாற்றினாலும் பிள்ளை பெற வேண்டும் என்ற நெருக்கடி முழுதாக ஒழிந்துவிடாது; 1980இல் அப்படி மாற்றிக்கொண்ட சுவீடனிலும் வம்சம் தொடர வாரிசு தேவைப்படுகிறது. ஆயினும் அந்த மாற்றத்துக்குப் பின் அங்கே முதல் குழந்தை பெண் என்பதால் ஒரு தாய் இன்னொரு முறை சோதனைக்கு உள்ளாக வேண்டியதில்லை. ஜப்பானில் ஹிசாஹிட்டோவின் தலைமுறையில் உரிமை உள்ளவர் அவர் ஒருவரே. அவரை யார் மணந்தாலும், ஐகோவின் உரிமையை ஏற்கும் திருத்தம் அதற்குள் வரவில்லையென்றால், அந்தப் பெண்ணின் முதல் கருவுறுதல் முதலே எண்ணிக்கை மறுபடி தொடங்கும்.