கல்லுக்குள் படியளப்பவர் யார்?

கல்லினுள் வாழும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான் என்று காலமெல்லாம் நம் மக்களிடம் கூறி வந்தனர். ஏழை பசியென்று வாய் திறக்கும்போதெல்லாம் அந்தத் தேரையைக் காட்டுவர். "அதற்கே அளிப்பவன் உனக்கு அளிக்க மாட்டானா? பொறுத்திரு!" என்பர். கல்லுக்குள் உயிர் இருக்குமானால் அது எதை உண்கிறது, எப்படி உண்கிறது என்று கேட்டோரை நாத்திகர் என்று தூற்றினர்.

அந்தக் கேள்வியை வாழ்நாள் பணியாகக் கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் 1856ஆம் ஆண்டு கீவ் நகரில் பிறந்த செர்கெய் வினோகிராட்ஸ்கி.

உயிர்கள் உணவு பெறும் வழி இரண்டே என அன்றைய அறிஞர் கருதினர். பச்சைச் செடி ஞாயிற்றின் ஒளியால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஏனைய உயிர்கள், பிற உயிர் ஆக்கியதை உண்ணும். இந்த முடிவை அசைத்தது கந்தக ஊற்றுகளில் நூல்போல் வளரும் ஒரு பாக்டீரியா. பெக்கியடோவா என்பது அதன் பெயர். ஸ்டிராஸ்பர்க் நகரில் வினோகிராட்ஸ்கி அதை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நாள்கணக்கில் நோக்கினார். அதன் உடலுக்குள் கந்தக மணிகள் மின்னின. வெறும் நீரில் இட்டார், மணிகள் மறைந்தன. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடை நீரில் சேர்த்தார்; மணிகள் மீண்டும் தோன்றின. 1887ஆம் ஆண்டில் விளக்கம் தந்தார். அந்த வாயுவை உயிர்வளியுடன் சேர்த்துக் கந்தகமாக்கி, கந்தகத்தை அமிலமாக்கி, அந்த வேதிவினையில் பிறக்கும் ஆற்றலால் அது வாழ்கிறது! நாம் சோற்றிலிருந்து பெறும் ஆற்றலை அது கந்தகத்திலிருந்து பெறுகிறது.

அடுத்து மண்ணை ஆராய்ந்தார். மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது நுண்ணுயிரே என்று 1877ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஷ்லோசிங்கும் முன்ட்சும் காட்டியிருந்தனர். குளோரோபார்ம் பட்டதும் அம்மாற்றம் நின்றுபோனதே சான்று. ஆனால் அந்த உயிரைப் பிரித்தெடுக்க எவராலும் இயலவில்லை. ஜெலட்டின் முதலிய வளமான உணவில் அது வளர மறுத்தது. வினோகிராட்ஸ்கி, உயிர்ப்பொருள் எதுவுமில்லாத உப்புநீரில் அம்மோனியாவைச் சேர்த்து வைத்தார். வளர்ந்தது! ஆற்றலுக்கு அம்மோனியா, உடலைக் கட்டக் கரியமில வாயு; வெயிலும் தேவைப்படவில்லை. 1890ஆம் ஆண்டில் இதை உலகறியச் செய்தார். உழவனின் பயிருக்கு உரமாகும் நைட்ரேட்டை மண்ணில் ஆக்கித் தருவது இத்தகைய நுண்ணுயிர்களின் உழைப்பு.

அவர் திறந்த வழியில் சென்றோர் கல்லுக்குள்ளும் நுழைந்தனர். தென்னாப்பிரிக்கப் பொன் சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், பாறைப் பிளவின் நீரில் வாழும் பாக்டீரியாவைப் பற்றி 2008ஆம் ஆண்டில் அறிவித்தனர். துணிந்த பயணி என்று பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினர். பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்கள் நீரைப் பிளக்கின்றன. அதில் பிறக்கும் ஹைட்ரஜனையும் அங்குள்ள சல்பேட்டையும் கொண்டு அது ஆற்றல் பெறுகிறது.

கல்லுக்குள் உயிர் இருக்கிறது. ஆனால் அங்கே படியளக்கும் கையைக் காணோம். வேதிவினை இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளும் உயிரின் இடையறாத உழைப்பு இருக்கிறது. இனியும் தேரையைக் காட்டி ஏழையைப் பொறுத்திருக்கச் சொல்வது அறமாகுமா? பசி ஏன் வந்தது, விளைந்த நெல் எங்கே போனது என்று அவன் கேட்கட்டும். விடை, வினோகிராட்ஸ்கிக்குக் கிடைத்ததுபோல், கேட்பவனுக்கே கிடைக்கும்.