சிதறால் மலையும் ஆய் மன்னரும்

புதுக்கடையை அடுத்த பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று, 866ஆம் ஆண்டில் விஷ்ணு ஆலயமும் 95 மாணாக்கர் உண்டு உறைந்து கற்கும் சாலையும் நிறுவினான் என்பதைச் செப்பேடு கூறும். அவ்வைதிகக் கல்விநிலையத்தை ஆதரித்த வமிசமே பிற சமயத்தாரையும் பேணியது என்பதை அறிய, முதுகில் மூட்டையுடன் இமயத்து விஹாரங்களைத் தேடியலையும் நம் இளைஞர்கள் மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலைக்கு ஒருமுறை ஏறினால் போதும். மூச்சும் அவ்வளவாக வாங்காது.

பழைய சாசனங்கள் திருச்சாரணத்துமலை என்றழைக்கும் இக்குன்றில், முன்னோக்கிக் கவிந்த பெரும்பாறையின் முகத்திலே, தலைமேல் நாகம் படம் விரித்து நிற்கும் பார்சுவநாதரும், முக்குடையின் கீழ் அமர்ந்த சமணத் தீர்த்தங்கரர்களும், சிங்கத்தையும் குழந்தைகளையும் அருகே கொண்ட அம்பிகையும் புடைப்புச் சிற்பங்களாகப் பொலிகின்றனர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் இம்மலைப் படாரியார்க்குப் பொன்னணி அளித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. துறவு பூண்ட பெண்ணொருத்தி தன் பெயரைப் பாறையில் நிறுத்தியதை வியக்காமல் எப்படி இருப்பது!

அதே வரகுணன் மேலைக் கடற்கரையின் ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்தப் பள்ளிக்கும் நிலதானம் செய்தான். பாலியம் செப்பேடு அதற்குச் சான்று. அப்பள்ளி இன்றில்லை. சிதறாலோ பதின்மூன்றாம் நூற்றாண்டில் பகவதி கோயிலாக மாறியது. ஆயினும் தீர்த்தங்கரர்களை எவரும் பெயர்த்தெறியவில்லை.