களத்து மேரையும் கப்பல் டிப்ஸும்

போன வருடம் சிங்கப்பூரில் இருக்கும் மகன் எங்கள் இருவரையும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குக் கூட்டிப் போனான். எங்கள் தலைமுறைக்குக் கப்பல் என்றால் 'ரஜூலா'தான். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய கப்பல். ஊரில் பாதிப் பேருடைய தாத்தா அதில் போனவர், வந்தவர். இப்போதைய கப்பல் வேறு சங்கதி. அது மிதக்கும் திருவிழா.

மூன்றாம் நாள் அறைத் தொலைக்காட்சியில் எங்கள் கணக்கைப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர் 'கிராஜுவிட்டி' என்று தினமும் ஏறிக்கொண்டிருந்தது. இருவருக்கு நான்கு நாளைக்கு 128 டாலர். நம் பணத்தில் 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த கை சும்மா இருக்குமா? நேரே வரவேற்பு மேசைக்குப் போய், "நான் கேட்காமல் இதை எப்படிப் போட்டீர்கள்? எடுத்துவிடுங்கள்" என்றேன். அந்தப் பெண் காரணம் எதுவும் கேட்கவில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டாள்.

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட பையன் தூத்துக்குடிப் பக்கம். அன்று சாயங்காலம் அவன் கையில் 20 டாலரை வைத்து அழுத்தினேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக எனக்கு நினைப்பு. அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. கையில குடுத்தா இது எனக்கு மட்டுந்தான். அந்தக் கணக்குல இருந்தா கீழ துணி வெளுக்கிறவங்க, தட்டு கழுவுறவங்க எல்லாருக்கும் பங்கு போகும். அவங்கள நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க."

துணி வெளுக்கிறவர்கள் என்று அவன் சொன்னதும் என் நினைவு அறுபத்தைந்து வருடம் பின்னால் போய்விட்டது. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் களத்துக்கு.

எங்கள் ஊர் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் ஊர். 1895-இல் பெரியாறு அணை திறந்தபின் நிலைத்த பாசனம். மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். ஆகவே தை மாத அறுவடை என்பது வருடத்துக்கு ஒரு தடவை வரும் சம்பள நாள், எல்லாருக்கும். கதிரடித்து, தூற்றி, பொலி கூட்டி வைத்த பிறகு தாத்தா அளக்கத் தொடங்குவார். முதல் மரக்கால் சாமிக்கு. அடுத்து நெல் வீட்டுக்கு வராது. மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் கட்டிய நீர்பாய்ச்சிக்கு இத்தனை, ஏர் செய்த தச்சருக்கு இத்தனை, கொழு அடித்த கொல்லருக்கு இத்தனை, முடி திருத்துகிறவருக்கு இத்தனை, துணி வெளுக்கிறவருக்கு இத்தனை. இவையெல்லாம் போனபிறகுதான் வீட்டுக் குதிருக்கு.

இதற்கு மேரை என்று பெயர். இன்னொரு பெயரும் உண்டு: சுதந்திரம். எங்கள் அப்பத்தா 'சொதந்தரம்' என்பார். ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுக்கும் சுதந்திரத்துக்கும், களத்தில் துணி வெளுக்கிறவர் வாங்கிப் போகும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிறுவயதில் குழம்பியிருக்கிறேன். பிறகுதான் விளங்கியது. தனக்கென்று உரிய பங்கு, அதுதான் அந்தச் சொல்லுக்குக் களத்தில் இருந்த பொருள். ஒருவர் மனது வைத்துக் கொடுப்பது அல்ல. இன்றைக்கும் நம் பக்கத்துக் கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் கோயில் கொடையிலும் 'அவரவர் சுதந்திரத்தைக் கொடுத்தாச்சா?' என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இது எங்கள் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் பார்னார்டு என்ற ஆங்கிலேயர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஓலையில் எழுதிய அந்த ஊர்க் கணக்குகளில், விளைச்சலைச் சர்க்காருக்கும் குடியானவருக்கும் பிரிப்பதற்கு முன்னாலேயே கோயில், கணக்கர், காவல்காரர், தச்சர், கொல்லர், வண்ணார் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆக, கேட்காமலே கணக்கில் கழித்துவிடும் கட்டணத்தை அமெரிக்கக் கப்பல்காரன் கண்டுபிடிக்கவில்லை. நம் களத்தில் அது எப்போதோ இருந்தது.

கும்பினியும் அதன்பின் வந்த ராணி ஆட்சியும் இந்தப் பங்குகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தன. ஊழியத்துக்கென்று விட்ட நிலங்களை 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் ஆராய்ந்து வரி போட்டது. 1864-இல் கிராம வரிச் சட்டம் வந்தது. கர்ணத்துக்கும் தலையாரிக்கும் களத்து நெல்லுக்குப் பதில் ரூபாய்ச் சம்பளம் என்று ஆயிற்று. பெரியாறு திறந்த அதே 1895-இல் சென்னை மாகாணத்தில் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் வந்து, யாருக்குப் பதவி, யாருக்கு ஊதியம் என்று வரையறுத்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளையே ஒழித்தது நம்மில் பலருக்கு நன்றாக நினைவிருக்கும். சர்க்கார் காரியம் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு சட்டமாவது இருந்தது. முடி திருத்தியவருக்கும் துணி வெளுத்தவருக்கும் ஊர் வழக்கம் மட்டுமே காப்பு. வழக்கம் போனால் எல்லாம் போச்சு.

எங்கள் வீட்டில் அதைப் போக்கியவன் நான்தான்.

தாத்தா காலமான பின், 1972-இல் நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அப்பா வரவு செலவு நோட்டை என்னிடம் கொடுத்தார். புது நெல் ரகமும் உரமும் வந்து சாகுபடிச் செலவு ஏறியிருந்தது. நான் கூட்டிக் கழித்து, "மேரை எதுக்குப்பா? செய்யிற வேலைக்குக் காசு குடுத்துட்டுப் போவோம். கணக்கு சுத்தமா இருக்கும்" என்றேன். அப்பாவும் தலையாட்டினார். அந்தத் தையில் துணி வெளுக்கிறவர் களத்துக்கு வந்து துண்டை விரிக்கப் போனார். அப்பா விஷயத்தைச் சொன்னார். அவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வருடத் தீபாவளிக்கு அவரும் அவர் மனைவியும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அதற்கு முன்னும் தீபாவளிக்கு வருவார்கள், பலகாரம் வாங்கிப் போவார்கள். ஆனால் இந்தத் தடவை, "ஐயா, பாத்து ஏதாச்சும் இனாம் குடுங்க" என்று கேட்டார். களத்தில் அவர் ஒருநாளும் 'பார்த்துக் கொடுங்கள்' என்று கேட்டதில்லை. மரக்கால் குறைந்தால், "இன்னும் ரெண்டு படி வரணும்" என்று தாத்தாவிடமே சொல்லுவார். ஒரே வருடத்தில் பங்குக்காரர் இனாம் கேட்பவராகிவிட்டார். அப்பா ஐந்து ரூபாய் கொடுத்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அல்லது படிப்பதுபோல் இருந்தேன்.

சொற்களும் அதே பாதையில்தான் போயிருக்கின்றன. இனாம் என்பது அரபுச் சொல். ஒரு காலத்தில் வரியில்லாமல் விட்ட ஊழிய நிலத்துக்கு அந்தப் பெயர். இன்று ஓசிக்கு அந்தப் பெயர். மாமூல் என்பதும் அரபிதான். வழக்கமானது என்று பொருள். இன்று யார் வாங்குவதற்கு அந்தப் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்ஷீஸ் பாரசீகத்திலிருந்து வந்தது, கொடை என்று பொருள். 'டிப்ஸ்' என்பது ஏதோ ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் என்று ஓட்டல் நண்பர்கள் சொல்லுவார்கள். அது பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்ட கதை.

களத்து முறை பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பங்கு பிறப்போடு கட்டப்பட்ட பங்கு. வாங்கியவர் நாளைக்கு வேறு தொழிலுக்குப் போகிறேன் என்று சொல்ல முடியாது. ஊரில் ஒரு வீட்டுத் துணியை எடுக்க மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. களத்துக்குள் கால் வைக்கக்கூடாது, ஓரத்தில் நின்றுதான் துண்டை விரிக்க வேண்டும் என்று சிலருக்கு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவருடைய மகன் படித்து அரசு வேலைக்குப் போனார். போனதுதான் சரி. ஆனால் விலங்கை உடைக்கிறோம் என்று நாங்கள் முதலில் பிடுங்கியது நெல்லைத்தான். ஓரத்தில் நிற்க வைத்த வழக்கம் அதற்குப் பிறகும் பல காலம் இருந்தது.

இனாமை நம்பிப் பிழைப்பது என்ன பாடு என்பதற்கு அமெரிக்க ரயிலில் ஒரு வரலாறு உண்டு. 1867-இல் தொடங்கிய புல்மேன் கம்பெனி, தூங்கும் வசதி உள்ள பெட்டிகளில் பணிசெய்ய அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்களை வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம். மீதியைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள் என்று ஏற்பாடு. சிரித்த முகத்தோடு நின்றால்தான் சோறு. 1925-இல் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் வைத்தார்கள். பன்னிரண்டு வருடம் போராடி 1937-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, சம்பளத்தைச் சம்பளமாக வாங்கினார்கள்.

உல்லாசக் கப்பல்களிலும் முன்பு கடைசி இரவில் உறைக்குள் பணம் வைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். அப்போது ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே சர்வர். 2000-ஆம் ஆண்டு வாக்கில், எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற முறை பரவியது. யார் பரிமாறினார் என்றே தெரியாதபோது உறையை யாருக்குக் கொடுப்பது? அதனால் தினக் கட்டணமாகக் கணக்கில் ஏற்றினார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை என்று பெருமையாகச் சொல்லி வந்த ஹாலந்து அமெரிக்கா நிறுவனமும் 2004-இல் இந்த முறைக்கு வந்தது. மறுபக்கம், நம்மவர்கள் பலர் ஒரு காலத்தில் சீமைக்குப் போன பி அண்ட் ஓ நிறுவனம் 2019-இல் இந்தத் தினக் கட்டணத்தையே எடுத்துவிட்டு அதை டிக்கெட் விலைக்குள் வைத்தது.

கரையில் நம் நாட்டுச் சட்டம் வேறு. ஓட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று சொன்னது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வருமான வரி வழக்கில், ஓட்டல் வசூலித்து ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கும் டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று சொல்லியிருக்கிறது. மதுரையிலேயே 2025 பிப்ரவரியில் நேதாஜி சாலை தண்டாயுதபாணி கோயிலில், அர்ச்சகர் தட்டில் விழும் காசை உண்டியலில் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. எல்லா வழக்கிலும் கேள்வி ஒன்றுதான். அந்தக் காசு யாருடையது?

என் பதில் இது. உழைத்தவருக்கு உரியது கொடுப்பவருடைய அன்றைய மனநிலையில் தொங்கக் கூடாது. சம்பளத்திலேயே முழுதாக வந்துவிட்டால் எல்லாவற்றிலும் நல்லது. அதுவரை, எல்லாருக்கும் பங்கு போகிற மாதிரி முதலில் கழித்து வைக்கிற முறை, வாசலில் நிற்க வைக்கிற முறையைவிட மேல். கப்பல் முதலாளி தன் சம்பளப் பொறுப்பை நம் தலையில் கட்டுகிறான் என்பது உண்மைதான். அதற்காக நான் 128 டாலரை எடுத்தால் நஷ்டம் முதலாளிக்கு இல்லை. கீழ்த்தளத்தில் என் போர்வையை வெளுத்தவருக்கு. உள்ளூர் ஓட்டலில் பில்லைச் சரிபாருங்கள், சட்டம் உங்கள் பக்கம். ஆனால் அங்கே மிச்சமாகும் பணத்தைப் பரிமாறியவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்று ராத்திரி என் மனைவி, "என்னங்க, தூக்கம் வரலையா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "காலையில போய் மறுபடி போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போனேன். அதே பெண்தான் இருந்தாள். மறுபடி ஒரு படிவம், மறுபடி ஒரு கையெழுத்து. கப்பல் கணக்கைத் திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 1972-ஆம் வருட நோட்டு இன்னும் ஊர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் 'மேரை' என்ற வரிக்கு நேரே நான் போட்ட கோடும் இருக்கிறது.