மண் முதல் டயர் வரை: ஒரு தரையின் கதை

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வீடு கட்டுகிறவர்கள், பனியில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போட வேண்டும். அவ்வளவு தோண்டிவிட்டு அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று அங்கேயே ஓர் அறையையும் கட்டிவிடுவார்கள். அதுதான் பேஸ்மென்ட். முன்பெல்லாம் நிலக்கரிக் குவியல் இருந்த இடம். எண்ணெயும் எரிவாயுவும் வந்ததும் அந்த இடம் காலியானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல வீடுகளில் அது விளையாட்டு அறையானது, பட்டறையானது, கடைசியில் ஜிம்மும் ஆனது!

சரி, அந்த ஜிம்முக்கு என்ன தரை போடுவது? சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

பண்டைய கிரேக்கத்தில் மல்யுத்தம் பழகும் இடத்துக்குப் பலேஸ்ட்ரா என்று பெயர். வீரர்கள் குந்தாலியால் தரையைக் கொத்தி, மண்ணைப் பொலபொலப்பாக்கிக் கொண்டுதான் மோதுவார்கள். நம் ஊர் கோதாவும் மண்தான். வட இந்திய அகாடாக்களில் அந்த மண்ணோடு எண்ணெய், மஞ்சள், மோர் எல்லாம் கலப்பதுண்டு. எல்லா இடத்திலும் காரணம் ஒன்றே: விழுகிறவன் மனிதன், அவன் எலும்பு முறியக் கூடாது.

1811-இல் பெர்லின் அருகே ஹாசன்ஹைடே என்ற இடத்தில் ஃப்ரீட்ரிஹ் லுட்விக் யான் தொடங்கிய பயிற்சிக்களமும் திறந்தவெளிதான். அவருடைய இயக்கத்தில் அரசியல் வாடை அடிக்கிறது என்று பிரஷ்ய அரசு 1820-இல் தடை போட்டது. 1842-இல் தடை நீங்கியதும் உடற்பயிற்சி மெல்ல மெல்லக் கட்டடங்களுக்குள் போனது. கூரைக்குக் கீழே மண் சரிப்படவில்லை, மரத்தரை வந்தது. அமெரிக்காவில் மேப்பிள் மரத்தரை செய்பவர்கள் 1897-இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள்.

பிறகு இரும்பு வந்தது. 1902-இல் ஆலன் கால்வர்ட் பிலடெல்பியாவில் மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கி, எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பார்பெல்களைத் தபால் மூலம் விற்றார். 1932-இல் பாப் ஹாஃப்மனின் யார்க் பார்பெல் வந்தது. இரும்பு வீடு தேடி வந்துவிட்டது. இப்போது விழுவது மனிதன் அல்ல, இரும்பு. காப்பாற்ற வேண்டியதோ வீட்டின் தரை!

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய பல அமெரிக்க பேஸ்மென்ட்களில் ஒன்பது அங்குலச் சதுர டைல்கள் பதித்தார்கள். விலை மலிவு, உழைக்கும். ஆனால் அவற்றில் பல ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. முழுதாக இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உடைந்தாலோ, சுரண்டினாலோ இழைகள் காற்றில் கலக்கும். அவை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உடம்பைத் தேற்ற வைத்த இரும்பே அந்த டைலை உடைக்கக்கூடும் என்பதை யோசித்துப் பாருங்கள். பழைய டைலைக் கையால் பெயர்க்காமல், முதலில் சோதனைக்கூடத்தில் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

இன்று அங்கே பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது ரப்பர். 1839-இல் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படுவதைக் கண்டார். அப்படி உறுதிப்பட்ட ரப்பரை மறுபடி உருக்கி வார்க்க முடியாது. அதன் பலமும் அதுதான், தலைவலியும் அதுதான். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க டயர் ஆலைகளுக்கு மலாயாவிலிருந்து ஏராளமாக ரப்பர் போனது. அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் தமிழர்கள் ஏராளம். ஓடித் தேய்ந்த டயர்களோ உருக்க வழியின்றி மலையாகக் குவிந்தன. 1983-இல் வர்ஜீனியாவின் வின்செஸ்டர் அருகே சுமார் 70 லட்சம் டயர்கள் தீப்பிடித்து மாதக்கணக்கில் எரிந்தன. 1990-இல் கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் 17 நாட்கள்!

வணிகக் கண்ணோடு பார்த்தால் இது விசித்திரமான சரக்கு. சாதாரணமாகச் சரக்கு வாங்குகிறவர் காசு கொடுப்பார். இங்கே பழைய டயரைக் கொடுக்கிறவரே காசும் கொடுத்தார். மூலப்பொருள் இப்படிக் கிடைத்தால் தொழில் பிறக்காமல் இருக்குமா? டயரை அரைத்து, பசை சேர்த்து அழுத்திப் பாய்களாகச் செய்தார்கள். குதிரை லாயத்துக்கென்று செய்த பாய், நாலுக்கு ஆறடி, முக்கால் அங்குலத் தடிமன், ஏறக்குறைய 45 கிலோ. குதிரையின் குளம்பைத் தாங்குவது பார்பெல்லைத் தாங்காதா என்று எடை தூக்குவோர் விவசாயப் பொருள் கடைகளில் அதை வாங்கத் தொடங்கினார்கள். 2020-இல் கொரோனா ஜிம்களை மூடியபோது இன்னும் பல வீடுகளுக்குள் ஜிம் நுழைந்தது.

ஆக, தேர்வு செய்ய மூன்று கேள்விகள் போதும். விழப்போவது எது? ஓடுவதற்கும் சின்ன எடைகளுக்கும் 8 மி.மீ. ரப்பர் போதும். கனமான பார்பெல் என்றால் 19 மி.மீ. வேண்டும். நுரைப் பாய் மனிதன் விழ நல்லது, எடையோடு நிற்பதற்கு ஆகாது, கால் அமுங்கித் தடுமாறும். அடியில் என்ன இருக்கிறது? பழைய டைலா, ஈரமான கான்கிரீட்டா? ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டால் ஈரம் தெரிந்துவிடும். ஈரமுள்ள இடத்தில் கம்பளம் போட்டால் பூஞ்சைதான் மிஞ்சும். மேலே எவ்வளவு இடம் இருக்கிறது? பேஸ்மென்டின் கூரை தாழ்வு. தரை ஒரு அங்குலம் உயர்ந்தால் கூரை ஒரு அங்குலம் இறங்கியதாகத்தானே அர்த்தம்!

கிரேக்க வீரன் குந்தாலியோடு நின்று கேட்டதும் இதில் முதல் கேள்வியைத்தான். அவனுக்கு அடியில் இருந்தது வெறும் மண், மேலே வானம். அதனால் மற்ற இரண்டையும் அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை.