நஞ்சைக் காட்டிய தாள்



தெளிந்த நீரைத் தூய நீரென்று கொள்வது மக்கள் இயல்பு. நிறமும் மணமும் சுவையுமின்றி நீரிற் கரைந்திருக்கும் ஆர்சனிக் என்னும் பாஷாணத்தை மனிதன் காணக் கற்ற வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே, பாட்டனாருக்குக் கோப்பியில் நஞ்சிட்டதாக இளைஞன் ஒருவன்மீது வழக்கு நடந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்னும் இரசாயனர் பாஷாணத்தை மஞ்சள் நிறப் படிவாகப் பிரித்தெடுத்தார். ஆயினும், ஜூரிமாரிடம் காட்டுமுன் அப்படிவு கெட்டுவிட்டது. இளைஞன் விடுதலையானான்.

எவரும் கண்ணாற் காணத்தக்க சான்று வேண்டுமெனத் துணிந்த மார்ஷ், 1836இல் புதிய முறையொன்றை வெளியிட்டார். ஐயத்துக்குரிய பொருளுடன் துத்தநாகமும் கந்தகாமிலமும் சேர, ஆர்சனிக் வாயுவாக வெளியேறும். அதனை எரித்து, சுவாலையிற் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால் கரிய படலம் படியும். 1879இல் குட்சைட் என்பார், அவ்வாயு பட்டால் நிறம் மாறும் இரசாயனத் தாளை அமைத்தார். நிறத்தின் ஆழம் நஞ்சின் அளவைக் காட்டலாயிற்று.

நஞ்சிட்டவனைக் கண்டுபிடிக்கப் பிறந்த இம்முறை, நஞ்சிட்டவர் எவருமில்லாத நாடொன்றிலே பின்னர் தேவைப்பட்டது. வங்காளதேசத்தில், குளத்து நீரால் வரும் வயிற்றோட்ட நோய்களைத் தடுக்கவென 1970கள் முதல் குழாய்க்கிணறுகள் பெருமளவில் நாட்டப்பட்டன. கிருமிகளை நினைத்தோர், நிலத்தடியிலிருந்து இயல்பாகவே கரைந்துவரும் ஆர்சனிக்கை நினைத்தாரல்லர். 1993இலேயே அது அங்கே கிணற்று நீரிற் கண்டறியப்பட்டது. அந்நீரை நெடுநாள் பருகுவோர்க்குத் தோலிற் கறையும் உள்ளங்கைத் தடிப்பும், காலப்போக்கிற் புற்றுநோயும் உண்டாகலாம்.

2000 முதல் 2003 வரை ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள், குட்சைட் முறையைத் தழுவிய சிறு பெட்டிகளைக் கொண்டு பரிசோதிக்கப்பட்டன. இலீற்றருக்கு 50 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்டவற்றுக்குச் சிவப்பும், ஏனையவற்றுக்குப் பச்சையும் பூசினர். சிவப்புப் பெற்றவை சுமார் 14 இலட்சம். அவற்றைக் கைவிட்டு அயலாரின் பச்சைக் கிணற்றை நாடியோர் பலர்.

இம்முறையிலும் குறையுண்டு. எல்லைக்கு அண்மையில் நிறத்தை மதிக்கும் கண் தவறலாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவோ 10 மைக்கிரோகிராமே. ஆதலாற் பச்சையும் முழு அபயமன்று. எனினும், அன்று ஜூரிமார் வேண்டிய கண்கண்ட சான்றைக் கிராமத்துத் தாய்க்கு இத்தாளே அளித்தது.

அம்முறை குழாய்க்கிணறுகளுக்கு முன்பே உலகில் இருந்தது. கிணறு தோண்டியபோது அதனை நாடுவாரில்லை. கேளாத வினாவுக்கு எந்தப் பரிசோதனையும் விடை கூறாது.