திருப்பிப் படுக்கவைத்த கைகள்

சென்னை அரசு பொது மருத்துவமனை 1664-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையாட்களுக்காகத் தொடங்கியது. அங்கே நர்ஸ்களைப் பழக்க ஒரு பள்ளி வந்தது 1871-ல். ஆறு மாத மகப்பேறுப் பயிற்சி, நான்கே மாணவிகள். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் நோயாளிகளை யார் துடைத்துவிட்டார்கள், நடுராத்திரியில் யார் தண்ணீர் கொடுத்தார்கள்? நான் படித்த வரலாறுகளில் சர்ஜன்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் மனைவியைப் பார்த்துக்கொண்ட ஒரு நர்ஸ்.

பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. விழுங்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாய். பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர், "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்டில் இரவு நேர நர்ஸ் தென்காசிப் பக்கத்துப் பெண். எங்கள் மகளைவிட இளையவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வருவார். வந்ததும் கட்டிலில் கை வைக்க மாட்டார். முதலில் அவள் காதருகே குனிந்து, "அம்மா, உங்கள இடப்பக்கமா திருப்பப் போறேன், பயப்படாதீங்க" என்பார். பதில் சொல்ல முடியாதவளிடம் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்பது போலச் சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

திருப்புவதிலும் ஒரு முறை இருந்தது. தோலைப் பிடித்து இழுப்பதில்லை. அடியில் மடித்துப் போட்ட துணியைப் பிடித்துத் தூக்கித் திருப்புவார். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. பிறகு முதுகின் அடி எலும்பு, இடுப்பு, குதிகால் என்று ஒவ்வொரு இடமாக டார்ச் அடித்துப் பார்ப்பார். எங்காவது சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுப்பார். அந்த இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் கவலையில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அங்கே புண் வரப்போகிறது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். என் மனைவி அத்தனை காலம் படுக்கையில் கிடந்தும் உடம்பில் ஒரு புண் வரவில்லை.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய நூலிலேயே, படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமில்லை, கவனிப்பின் குறை என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி திறந்தது. இந்தியா வந்ததே இல்லை என்றாலும், இங்குள்ள மருத்துவமனைகளின் நர்சிங் எப்படி இருக்க வேண்டும் என்று 1865-ல் எழுதினார். அவர் சொன்னதைச் செய்ய இங்கே ஆள் வேண்டுமே! அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவது, மலம் மூத்திரம் எடுப்பது, இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்குவது. ஒரு பெண் இந்த மூன்றையும் செய்தால் அவளுக்குக் கல்யாணம் ஆகாது என்று ஊர் சொன்னது. எச்சிலும் தீட்டும் பார்க்கிற வீடுகள் மகள்களை அனுப்பவில்லை. அதனால் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பெண்களும், அடுத்து நம் கிறிஸ்தவக் குடும்பங்களின் பெண்களும்தான் முதலில் வந்தார்கள். ஏளனத்தையும் சம்பளத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் வேலூருக்கு வந்த கதை பலருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததும், ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று கணவர்கள் மறுத்ததும் அதில் வரும். அவர் டாக்டராகித் திரும்பி 1902-ல் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் 1918-ல் தொடங்கினார், நர்சிங் பள்ளியை அதற்கு முன்பே, 1909-ல் தொடங்கிவிட்டார் என்பது. அறுவை செய்தவர் கை கழுவிப் போன பிறகு நோயாளியை உயிரோடு வைத்திருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும் நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. நாட்டின் மருத்துவ வசதிகளை ஆராய்ந்த போர் (Bhore) குழு அதே ஆண்டு தன் அறிக்கையைக் கொடுத்தது. அப்போது இந்தியா முழுமைக்கும் இருந்த நர்ஸ்கள் சுமார் 7,000 பேர். கணக்குப் போட்டால் 43,000 மக்களுக்கு ஒருவர்.

அந்தத் தென்காசிப் பெண்ணிடம் எல்லோரும், "உனக்குத் தங்கமான மனசும்மா" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் மனசு மட்டும் அந்த வேலையைச் செய்துவிடாது. குழாயில் கஞ்சி ஊற்றுமுன் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், ஊற்றிய பிறகு அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது என்பதை மனசு சொல்லித் தராது. குழாயை எடுக்கலாமா என்று பார்த்த நாளில், ஒரு கரண்டி கெட்டிக் கஞ்சி கொடுத்துத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார். உடனே அவளை "ஆ" சொல்லச் சொல்லி, குரலில் ஈரம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். குரல் தெளிவாக இருந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை என் மனைவியும் பார்த்தாள். இத்தனை நுணுக்கமும் மேலே சொன்ன பெண்கள் கைமாற்றிக் கொடுத்து வந்த படிப்பு.

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி சாதாரண மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். அந்த வார்டில் இரவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அவர் ஒருவர்தான். தமிழக அரசு 2015-ல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் உட்கார்ந்தார்கள். நாம் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

என் மனைவி இன்று சுவரைப் பிடித்து நடக்கிறாள், ரசம் சோறு தானே சாப்பிடுகிறாள். டிஸ்சார்ஜ் ஆன வாரமே மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த நர்ஸின் முழுப் பெயரையும், அவர் என்னென்ன செய்தார் என்பதையும், இரவில் இன்னும் சிலரைப் போட வேண்டும் என்பதையும் எழுதினேன். உங்கள் வீட்டிலும் யாராவது குணமாகித் திரும்பினால், ஸ்வீட் பாக்ஸோடு நின்றுவிடாதீர்கள். பெயரைக் கேட்டு, இப்படி ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் சம்பளத்துக்காகத் தெருவில் உட்காரும் நாளில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.