இங்கிலாந்தின் பாரம்பரியக் கட்டடங்களில் புகைபோக்கிப் பராமரிப்பு

புகைபோக்கி என்பது கணப்பில் எரியும் விறகு அல்லது நிலக்கரியின் புகையைச் சுவருக்குள் மேலே கொண்டுசென்று கூரைக்கு வெளியே விடும் அமைப்பு. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலைநகரங்களில் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களில் இதைக் காணலாம். குளிர் மிகுந்த இங்கிலாந்தில் அரண்மனை, பிரபுக்களின் மாளிகை, மருத்துவமனை, நாடாளுமன்றம் என எல்லாப் பெருங்கட்டடங்களும் பல நூற்றாண்டுகள் புகைபோக்கிகளை நம்பியே இயங்கின. அவற்றைச் சோதிப்பதும் சுத்தம் செய்வதும் வெறும் கட்டடத் தொழில்நுட்பமாக மட்டும் இருந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு குறுகிய இடத்துக்குள் யாரை அனுப்புவது என்ற கேள்வி அதனுடன் நூறாண்டுகளுக்கு மேல் பிணைந்திருந்தது.

அமைப்பும் வளர்ச்சியும்

இடைக்கால இங்கிலாந்தின் பெரிய கூடங்களில் நடுத்தரையில் தீ மூட்டினார்கள். புகை கூரையின் திறப்பு வழியே வெளியேறியது. சுவரோடு சேர்ந்த கணப்பும் புகைபோக்கியும் பரவியபின் அவை செல்வத்தின் அடையாளமாயின. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் கூரையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட புகைபோக்கிகள் உள்ளன. அவற்றில் பலவற்றின் செங்கற்களில் சுருள், வலைப்பின்னல் போன்ற அலங்கார வேலைப்பாடுகள் உண்டு. பர்லி மாளிகையின் புகைபோக்கிகள் கிரேக்கத் தூண்களின் வடிவில் எழுப்பப்பட்டவை. கணப்பு வசதியின் அளவுகோலாகக் கருதப்பட்டதால், 1662 முதல் 1689 வரை ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி வசூலிக்கப்பட்டது.

வெளியே ஒரே தூணாகத் தெரியும் புகைபோக்கிக்குள் பல புகைவழிகள் இருக்கும். ஒவ்வொரு அறையின் கணப்பிலிருந்தும் ஒரு தனி வழி கிளம்பி, மேல்மாடியின் கணப்பைச் சுற்றி வளைந்து, மற்ற வழிகளோடு சேர்ந்து கூரைக்கு ஏறும். இரண்டு வழிகளுக்கு இடையே மெல்லிய செங்கல் தடுப்பு மட்டுமே இருக்கும். மாளிகையைப் பல தலைமுறைகள் மாற்றிக் கட்டும்போது பழைய வழிகள் புதியவற்றோடு இணைக்கப்பட்டன. சில பாதியில் அடைக்கப்பட்டன, சில கிட்டத்தட்டக் கிடைமட்டமாகத் திருப்பிவிடப்பட்டன. விறகின் இடத்தை நிலக்கரி பிடித்தபோது புகைவழிகள் குறுகின. 14 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட வழி பரவலான அளவாயிற்று. வளர்ந்த மனிதர் அதற்குள் நுழைய முடியாது.

ஏறும் சிறுவர்கள்

அந்தக் குறுகிய வழிகளைச் சுத்தம் செய்யச் சிறுவர்கள் அனுப்பப்பட்டார்கள். பலர் அநாதைகள் அல்லது ஏழைப் பெற்றோரின் பிள்ளைகள். ஐந்து, ஆறு வயதிலேயே தொழிலுக்கு வந்தவர்களும் உண்டு. முழங்கையாலும் முழங்காலாலும் சுவரை உந்தி மேலேறி, தலைக்கு மேல் படிந்திருக்கும் புகைக்கரியைத் தூரிகையால் தட்டிவிட்டு, சுரண்டியால் சுரண்ட வேண்டும். தோல் தடிக்க வேண்டும் என்பதற்காக அவர்களுடைய முழங்காலிலும் முழங்கையிலும் உப்புநீர் தேய்க்கப்பட்டது. வளைவுகளில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவர்கள் பலர். 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட், புகைபோக்கித் தொழிலாளர்களின் விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் தொடர்புபடுத்திய முதல் மருத்துவக் குறிப்புகளுள் இது ஒன்று.

1788ஆம் ஆண்டின் சட்டம் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைத் தொழிலில் சேர்க்கக் கூடாது என்றது. அதைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லாததால் நடைமுறையில் பெரிய மாற்றம் வரவில்லை.

இயந்திரமும் எதிர்ப்பும்

சிறுவர்களுக்கு மாற்றுவழி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் உள்ளீடற்ற குச்சிகளைக் கயிற்றில் கோத்து, நுனியில் தூரிகை பொருத்திய கருவியை உருவாக்கினார். 1828இல் ஜோசப் கிளாஸ், ஒன்றோடொன்று இணையும் பிரம்புத் தண்டுகளைக் கொண்டு அதை மேம்படுத்தினார். இன்றைய கைத்தூரிகைகளும் அடிப்படையில் அதே முறையில் இயங்குபவைதான்.

1817இல் மக்களவைக் குழு ஒன்று சிறுவர்களின் நிலையை விசாரித்து அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து வந்த மசோதாக்கள் பிரபுக்கள் அவையைத் தாண்டவில்லை. பழைய மாளிகைகளின் வளைந்த புகைவழிகளை இயந்திரம் சுத்தம் செய்யாது, சிறுவர்களை நிறுத்தினால் தீ விபத்து பெருகும் என்பது எதிர்த்தவர்களின் முக்கிய வாதம். சாதாரண வீடுகளின் நேரான புகைவழிகளுக்குத் தூரிகையே போதும். ஆனால் வளைவு மிகுந்த பெரிய கட்டடங்களைக் காரணம் காட்டி, எல்லா இடங்களிலும் சிறுவர்களை ஏற்றும் வழக்கம் தொடர்ந்தது. புகைவழியைத் திருத்திக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் சிறுவனின் உழைப்பு மலிவு.

1834: நாடாளுமன்றத் தீ

அந்தப் பிரபுக்கள் அவையே புகைவழியால் அழிந்தது. அரசுக் கருவூலம் நெடுங்காலம் வரவுசெலவைப் பதிய வெட்டுக்குறி இட்ட மரக்குச்சிகளைப் பயன்படுத்தியது. வழக்கொழிந்து குவிந்துகிடந்த அவற்றை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் அவையின் கீழே இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். இரண்டு வண்டிச் சுமை குச்சிகள் நாள் முழுவதும் எரிந்தன.

அந்த உலைகள் நிலக்கரிக்காகக் கட்டப்பட்டவை. உலர்ந்த மரத்தின் நீண்ட சுவாலை புகைவழிக்குள் வெகுதூரம் ஏறியது. அந்த வழிகள் அவையின் தரைக்கு அடியிலும் சுவர்களுக்குள்ளும் சென்றன. சுத்தம் செய்ய ஏறிய சிறுவர்கள் காலூன்ற வெட்டிய பள்ளங்களால் அவற்றின் உட்சுவர் ஏற்கெனவே பலவீனமடைந்திருந்தது. மாலை நான்கு மணியளவில் அவையைப் பார்க்க வந்தவர்கள் தரையின் சூட்டைக் காலணி வழியே உணர்ந்தார்கள். அறையில் புகை சூழ்ந்திருந்தது. ஆயினும் யாரும் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மணியளவில் தீ வெளிப்பட்டது. இரு அவைகளும் அழிந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் காப்பாற்றப்பட்டது. விசாரணை, இது சதியல்ல, கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று முடிவு செய்தது.

புகைவழியை மாற்றிய சட்டங்கள்

1840ஆம் ஆண்டின் சட்டம் 21 வயதுக்குக் குறைந்த எவரும் புகைபோக்கிக்குள் ஏறுவதைத் தடைசெய்தது. அதே சட்டம் புதிய புகைபோக்கிகளின் வடிவத்தையும் வரையறுத்தது. இரு வழிகளுக்கு இடையிலான தடுப்பு குறைந்தது அரைச்செங்கல் கனம் இருக்க வேண்டும். வளைவின் கோணம் 120 பாகைக்குக் குறையக் கூடாது. அதைவிடக் கூர்மையாக வளைத்தால், சுத்தம் செய்ய 6 அங்குலச் சதுரக் கதவு வைக்க வேண்டும். சிறுவனுக்குப் பதில் தூரிகை போகும்படி கட்டடத்தையே மாற்றுவதுதான் இதன் நோக்கம்.

பழைய கட்டடங்கள் அப்படியே இருந்தன, சட்டமும் பரவலாக மீறப்பட்டது. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மனநல மருத்துவமனையின் புகைவழியில் சிக்கிய ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் இறந்தான். அவனை ஏறவைத்த முதலாளி தண்டிக்கப்பட்டார். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அதே ஆண்டு வந்த சட்டம், இத்தொழில் செய்வோர் காவல்துறையிடம் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. கண்காணிப்பு வந்த பிறகே அந்த வழக்கம் ஒழிந்தது.

பட்டியலிடப்பட்ட கட்டடங்கள்

1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைப் பட்டியலிடும் முறை நிலைபெற்றது. தற்போது 1990ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாதுகாப்பு கட்டடத்தின் உட்புறத்துக்கும் பொருந்தும். ஆகவே புகைபோக்கியை இடிப்பது, உயரத்தைக் குறைப்பது, பழைய கணப்பைப் பெயர்ப்பது போன்ற தோற்றத்தை மாற்றும் வேலைகளுக்கு முன்அனுமதி தேவை. அனுமதியின்றிச் செய்வது குற்றம்.

இதனால், ஆபத்தான புகைபோக்கியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் எளிய வழி இங்கே கிடையாது. உள்ளதை அறிந்து பழுதுபார்க்க வேண்டும். அதற்கு முறையான ஆய்வு முதல் தேவை.

இன்றைய ஆய்வு முறை

முதல் வேலை புகைவழிகளின் வரைபடம் தயாரிப்பது. எந்தக் கணப்பு கூரையின் எந்த வாய்க்குச் செல்கிறது என்பது பெரிய மாளிகைகளில் பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்து வழியைத் தூரிகையால் சுத்தம் செய்து, தண்டின் நுனியில் பொருத்திய கேமராவை உள்ளே செலுத்துவார்கள். உதிர்ந்த காரை, விரிசல், உடைந்த தடுப்பு, பறவைக் கூடு ஆகியவை திரையில் தெரியும். ஜாக்டா என்னும் சிறு காகங்கள் குச்சிகளை அடுக்கிப் புகைவழியை முழுவதுமாக அடைத்துவிடுவது அங்கே வழக்கம். குஞ்சுகள் உள்ள கூட்டை அகற்றக் கூடாது. வௌவால்கள் தங்கும் இடங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

பிறகு புகைச் சோதனை நடக்கும். அடியில் புகைவில்லையைக் கொளுத்தி, வழியின் இரு முனைகளையும் மூடி, எல்லா அறைகளிலும் கூரைக்கு அடியிலும் புகை கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வழியில் விட்ட புகை வேறொரு படுக்கையறையின் கணப்பில் வெளிவந்தால் இடைத்தடுப்பு உடைந்திருக்கிறது என்று பொருள். அதே பாதையில் மணமற்ற கார்பன் மோனாக்சைடும் வரும். உறங்குபவர் அதை உணரமாட்டார்.

சுவருக்குள் பதிந்த மரச்சட்டங்களின் முனைகள் மற்றோர் ஆபத்து. புகைவழியை ஒட்டிய மரம் ஆண்டுக்கணக்கில் சூடேறிக் கருகி, ஒருநாள் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும்.

சீரமைப்பு

நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகச் சேர்மங்கள் மழை ஈரத்தோடு சேர்ந்து காரையைத் தாக்கும். அதிகம் நனையும் பக்கம் உப்பி உயர்வதால் புகைபோக்கி மறுபக்கம் சாயும். பழைய செங்கல் வேலைக்குச் சுண்ணாம்புக் காரையே ஏற்றது. கடினமான சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே தேக்கி, மென்மையான பழைய செங்கலை உதிர்த்துவிடும்.

தீ மூட்டப்போகும் வழிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாயைச் செருகுவது ஒரு முறை. பின்னாளில் அதை வெளியே எடுத்துவிடலாம். காரைக் கலவையை ஊற்றி உட்பூச்சு அமைத்தால் உறுதி கூடும், ஆனால் பழைய சுவரோடு ஒட்டிக்கொள்ளும் அதை மீண்டும் பிரிப்பது அரிது. பயன்படுத்தாத புகைபோக்கியை முழுவதுமாக அடைக்கவும் கூடாது. மேலும் கீழும் காற்றுத் திறப்பு இல்லாவிட்டால் ஈரம் தேங்கி, புகைக்கரியில் உள்ள உப்புகள் அறைச்சுவரில் பழுப்புக் கறையாகப் படியும். பயன்பாட்டில் உள்ளவற்றைக் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையும், விறகு மிகுதியாக எரிந்தால் அதைவிட அடிக்கடியும் சுத்தம் செய்ய வேண்டும். ஆய்வுப் படங்களையும் பழுதுபார்த்த விவரங்களையும் பதிவேட்டில் சேர்த்துவைப்பது அடுத்த தலைமுறைப் பராமரிப்பாளருக்கு உதவும்.

சிறுவர்கள் அனுப்பப்பட்ட இடங்களுக்குள் இப்போது கேமரா செல்கிறது. 1834இல் எரிபொருளை மாற்றியபோது புகைவழி அதைத் தாங்குமா என்று யாரும் பார்க்கவில்லை. இன்று எந்தப் பழைய கணப்பையும் மீண்டும் மூட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.